காகிதப் பெண்ணுக்கு வைத்த பெயர்

எங்கள் கடையில் ஒரு மனிதப்பிறவியின் விலை முப்பது யுவான். மூங்கில் எலும்பு, காகிதத் தோல், சிவப்புக் கன்னம். செத்தவருக்குச் சேவகம் செய்ய எரித்து அனுப்பும் வேலைக்காரி. திருமதி ஃபெங் அதற்கும் பேரம் பேசினார்.

"மூக்கு கோணலா இருக்கே. இருபதுக்குக் குடு."

"உங்க வீட்டுக்காரர் மூக்கையா பாக்கப் போறாரு? காலைப் பிடிச்சு விட்டாப் போதாதா?"

சிரித்துவிட்டார். இருபத்தைந்துக்கு முடிந்தது.

காகிதப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். கேட்டாக வேண்டும். பெயரில்லாமல் எரித்தால் பக்கத்துக் கல்லறைக்காரர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். உயிரோடிருப்பவர் பெயரை வைத்துவிட்டாலோ, அந்த ஆளே போக வேண்டியதுதான்.

"லிங்யா. ராத்திரி ராத்திரி கனவுல வந்து அவரே கேக்கறாரு, லிங்யாவ அனுப்புன்னு."

"அந்தப் பேர்ல உயிரோட யாராவது..."

"எங்க வம்சத்திலேயே கிடையாதுய்யா."

செத்தவர்களைக் கும்பிடும் சிங்மிங் திருநாள் அன்று காலையிலிருந்தே தூறல். மலைச்சரிவெங்கும் குடும்பங்கள் கல்லறை துடைத்துக்கொண்டிருந்தன. சாமான்களை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். நிறைமாத மருமகள் ருய்ஃபென், வயிற்றில் காப்புக்குச் சிவப்புத் துணி கட்டி, கூப்பிடு தூரத்தில் அடிவாரத்திலேயே நின்றாள். கர்ப்பிணிகள் கல்லறைக்கு வரக்கூடாது. மாமனாருக்கு முதல் வருஷமாயிற்றே என்று அடம்பிடித்து அவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

புல் செதுக்கினோம். புதுமண் போட்டோம். ஈரத்தில் காகித வீடு புகைந்ததே தவிரப் பற்றவில்லை.

வேலைக்காரி மட்டும் குப்பென்று பற்றினாள்.

"லிங்யா! போம்மா, அவர்கிட்டப் போ!" என்று உரக்கக் கூப்பிட்டார் திருமதி ஃபெங்.

கீழே அலறல்.

"அத்தை! அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ருய்ஃபென் வயிற்றைப் பிடித்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

"பேத்திக்குன்னு மாமா வச்ச பேரு அத்தை. சாகும்போது என் காதுல சொன்னாரு. பொறக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. நான் தினமும் அப்படித்தான் வயித்தத் தடவிக் கூப்பிடறேன்..."

மாமியார் நெருப்புக்குள் கையை விட்டார். சாம்பல்தான் வந்தது.

"குழந்தை உதைக்குதாடி?"

"இல்ல."

காற்று நின்றது. கருகிய காகித நெடிக்கு நடுவே எங்கிருந்தோ பால் வாசனை.

கடைக்கு ஓடினேன். பேரத்துக்குப் படியாத ஆளை நான் பார்த்ததில்லை. இருந்த பத்து வேலைக்காரிகளையும் அள்ளிவந்து, ஆளுக்கொரு பெயர் சொல்லித் தீயில் போட்டேன்.

"பெரியவரே, பத்தையும் வச்சுக்குங்க. அந்த ஒண்ணத் திருப்பி அனுப்புங்க."

எண்ணெய் ஊற்றினேன். ஒன்றுகூடப் பற்றவில்லை. நெருப்பு அவற்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அன்று மாலை ருய்ஃபெனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அழவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சிங்மிங்குக்கும் திருமதி ஃபெங் வந்து குழந்தைக்குக் காகிதச் சட்டை வாங்குகிறார். பேரம் பேசுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு அளவு பெரிதாகக் கேட்கிறார். ஏனென்று நான் கேட்டதில்லை. இந்த வருஷம் அவருக்குக் கால்வலி. துணைக்கு நானும் மலையேறினேன்.

சட்டை எரிந்து அடங்கியது. யாரும் மிதிக்காத சுடுசாம்பலில் ஒரு கிழவரின் செருப்புத் தடம். பக்கத்தில், ஓடியாடும் வயதுப் பிள்ளையின் வெறும் பாதம்.

"வளர்றா," என்றார் திருமதி ஃபெங், சின்னக் குரலில்.

அனுப்பியது பதினொன்று. தள்ளுபடியாகித் திரும்பியது பத்து. மீதி ஒன்றுக்கு, நான் சொன்ன எந்த விலையும் எடுபடவில்லை.