பத்து விநாடி

லேப்டாப்பை இயக்கியதும் அந்தக் கறுப்புத் திரை வந்தது. வந்திருக்கவே கூடாது. மேல் வரியில் அவன் மனைவியின் பாதி, கீழ் வரியில் அவன் பாதி. எதைத் திறக்கட்டும் என்று பத்து விநாடி காத்திருந்து, பிறகு தானே மேல் வரியைத் திறந்துவிடும் அதே பழைய மெனு. அவள் பாதியை அழித்து மூன்று மாதமாகிறது. அவள் செத்து இரண்டு மாதம்.

ஒரே டிஸ்க்கை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அவள் பாதியில் ஏழு வருடமாக எழுதிய நாவல் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனுக்கு வீடியோக்கள் வைக்க இடம் போதவில்லை. இனி எங்கே எழுந்து வரப்போகிறாள் என்று நினைத்தான். பாவி, நினைத்தேவிட்டான். மொத்தத்தையும் அழித்துத் தன் பாதியோடு சேர்த்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, "லேப்டாப்பக் கொண்டு வாங்க, கடைசி அத்தியாயம்தான் பாக்கி" என்றாள். ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டிய கையால் திறந்தாள். மெனு வரவில்லை, நேரே அவன் பாதி வந்து நின்றது. மூடிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், சாகும்வரை அவனோடு பேசவேயில்லை.

இப்போது மதியம்தான், ஆனாலும் மழையில் அறை இருண்டு கிடந்தது; ஜன்னல் தகரத்தில் சொட்டும் தண்ணீரும், அடுத்த அறையில் படம் வரையும் மகளின் பென்சில் தாளில் உரசுவதும், இரண்டுக்கும் நடுவே லேப்டாப்பின் விசிறி இழுத்து இழுத்து மூச்சு விடுவதும் கேட்டன. கீழ் வரியை அழுத்தினான். அவன் பாதி திறந்தது. ஆனால் சுருங்கியிருந்தது. வீடியோக்களைக் காணோம். படங்களில் அவளும் மகளும் சிரித்தார்கள். அவன் நின்ற இடத்தில் வெறும் சுவர்.

அணைத்துவிட்டு மறுபடி இயக்கினான். அவன் பாதி இன்னும் சுருங்கியிருந்தது. நிமிர்ந்தால், மேஜைக்கு மேலே மாட்டிய கல்யாணப் படத்திலும் அவள் மட்டும்.

"கண்ணு, இங்க வாம்மா!"

பென்சில் நிற்கவில்லை.

மூன்றாவது தடவை. மெனுவில் ஒரே வரி. அவளுடையது.

பத்து. ஒன்பது.

அணைக்கும் பட்டனை அழுத்தினான். அணையவில்லை. பேட்டரியைக் கழற்றப் பார்த்தான். விரல் அசையவில்லை. ஆஸ்பத்திரி மருந்து நெடி. தன் சட்டையிலிருந்தே.

மூன்று. இரண்டு.

"தெரியாம செஞ்சுட்டேன்டி..."

பொய். அவளுக்குத் தெரியும்.

பூஜ்யம்.

மகள் வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் மலர்ந்தது. ஓடி வந்து அவன் மடியில் ஏறிக்கொண்டு, "இன்னும் முடிக்கலையா, அம்மா?" என்றாள்.

கத்த வாயைத் திறந்தான்.

"கடைசி அத்தியாயம்தான் பாக்கி, கண்ணு" என்றது அவன் தொண்டை.

குனிந்து பார்த்தான். கீபோர்டின் மேல், அவன் தோளிலிருந்து நீண்டு, பிளாஸ்திரி ஒட்டிய மெலிந்த கை நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது.