மணிவண்ணனின் ஊசி எங்கே?

புதன்கிழமை, காலை பத்து மணி. மலைமேல் எடப்புளி நாட்டு அங்கன்வாடியில் ஓர் ஊசி காணாமல் போயிருந்தது.

மணிவண்ணனுக்குத் தட்டம்மை ஊசி போட்டாயிற்று என்றது தடுப்பூசி அட்டை. எழுதியவள் சாட்சாத் நர்ஸ் ரோஸ்லினேதான். அவன் அம்மா கண்ணாயியோ அடித்துச் சொன்னாள். "இவனுக்குப் போடவே இல்லீங்க நர்சம்மா. போன வாரம் காய்ச்சல் இவனுக்குத்தானுங்க. ஊசி போட்டுக்கிட்டது இளங்கோ."

பத்து மாத இரட்டையர்கள், அச்சில் வார்த்த ஒரே முகம். பாயில் கிடந்த மணிவண்ணன், கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை வாய்க்கு இழுத்துச் சப்பிக்கொண்டிருந்தான். பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை. அட்டையை நம்பி இவனை வெறுமனே அனுப்பிவிட்டால்?

போன வாரம் பிள்ளைகளைத் தூக்கி வந்தவன் அப்பா ராசப்பன். லாரி டிரைவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். அன்று கண்ணாயி மிளகு மூட்டையோடு முதல் பஸ்ஸில் காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு இறங்கிவிட்டாள்.

இன்று சுவரோரம் நின்றிருந்த ராசப்பனிடம் ரோஸ்லின் கேட்டாள். "அன்னிக்கு யாருக்கு ஊசி போட்டோம்?"

"மணிவண்ணனுக்குங்க. இளங்கோவுக்கு உடம்பு கொதிச்சுது. அடுத்த வாரம்னு நீங்கதான சொன்னீங்க?"

"பெத்த புள்ளையக்கூடவா தெரியாது?" கண்ணாயி சீறினாள். ராசப்பன் முகம் சுண்டிப்போயிற்று.

ரோஸ்லின் அவனை வெளியே அழைத்துப் போனாள். "கோவிச்சுக்காதீங்க. எதை வச்சு அடையாளம் சொன்னீங்க?"

குரல் இறங்கியது. "கால் கயித்த வச்சுத்தானுங்க. கறுப்புக் கயிறு இளங்கோவுக்கு மட்டுந்தான்."

உள்ளே வந்தவள், கண்ணாயியின் இடுப்பிலிருந்த இளங்கோவின் கயிறில்லாத காலைத் திருப்பிப் பார்த்தாள். கணுக்காலைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று.

"ஆள் அகப்பட்டாச்சு. கண்ணாயி, நீதான்!"

"நானுங்களா?"

"கயிறு மாசக்கணக்கா இளங்கோ கால்ல இருந்த தடம் இது. போன வாரம் மணிவண்ணனுக்குச் சூடு கண்டதும் அவிழ்த்து அவனுக்குக் கட்டிட்டுப் போயிருக்கே. இவர்கிட்ட சொன்னியா?"

கண்ணாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மந்திரிச்ச கயிறுங்க. அவர் தூங்கிட்டிருந்தாரு…"

"கயிறு இருந்ததால காய்ச்சல்காரனை இளங்கோன்னுட்டார். நிஜ இளங்கோவுக்கு மணிவண்ணன் பேர்ல ஊசி ஏறிடுச்சு. நானும் கேட்டதை அப்படியே எழுதிட்டேன்."

அட்டைகளைத் திருத்தினாள். மணிவண்ணனை ராசப்பனே வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஊசி ஏறியதும் பையன் வீறிட்டான். ராசப்பன் அவனை நெஞ்சோடு அணைத்து, முகத்தை உற்று உற்றுப் பார்த்தான். வெட்கத்தில் கண் கலங்கியிருந்தது.

"கண்ணாயி, இவனுக்குக் காதுக்குப் பின்னால மச்சம் இருக்குதே!"

"பொறந்ததுல இருந்தே இருக்குதுங்க," என்றாள் கண்ணாயி.