ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்!

"அந்த பாட்டிலை இப்படிக் குடு, அம்மா!"

சனிக்கிழமை காலை ஏழு மணி. வேளச்சேரியிலிருந்து மனைவி வர்ஷினியோடு வந்து இறங்கிய சாய்நாத், செருப்பைக் கழற்றிய கையோடு மயிலாப்பூர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து கையை நீட்டினான். ஹம்சா தைராய்டு மாத்திரை பாட்டிலைப் புடவைத் தலைப்புக்குள் மூடிக்கொண்டாள். ஐம்பத்தொன்பது வயதில், பெற்ற பிள்ளையிடமிருந்து மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டிய நிலைமை... இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

"இது என் மாத்திரை. நான்தான் வெச்சுப்பேன்."

"நீ வெச்சுண்ட லட்சணம்தான் தெரிஞ்சுடுத்தே! டாக்டர் என்ன சொன்னார்? உடம்புல தைராய்டு மருந்து எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு, அதனாலதான் ஹார்ட் தாறுமாறா அடிச்சுக்கறதுன்னார். இப்படியே போனா ரத்தம் கட்டி மூளைக்கே போயிடலாம்னார். நிஜத்தைச் சொல்லு, ஒரு நாளைக்கு எத்தனை முழுங்கின? ரெண்டா? மூணா?"

"ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்!"

இதை மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. இரண்டு மாதமாகவே நெஞ்சு அவள் பேச்சைக் கேட்பதில்லை. திடீரென்று கடகடவென்று ஓடும், நடுவில் ஒரு துடிப்பைக் காணோம், அப்புறம் இரண்டு சேர்ந்து வந்து இடிக்கும். புதன்கிழமை டாக்டர் துடிப்பை அடக்க ஒரு மாத்திரையும், ரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். தைராய்டு மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, பிறகு பாதி அளவு ஆரம்பிக்கச் சொன்னார். மருந்து எப்படி இவ்வளவு ஏறியது என்று அவரே புருவத்தைச் சுருக்கினார். அவ்வளவுதான்! கூடப் போயிருந்த எல்லாரும் ஹம்சாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளா தப்புப் பண்ணுகிறவள்? விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பல் தேய்த்து, வெறும் தண்ணீரில் ஒரு மாத்திரை. அதை விழுங்கின பிறகுதான் தினசரி காலண்டரில் தேதியைக் கிழிப்பாள். தாள் கிழிந்திருந்தால் மாத்திரை உள்ளே போயாச்சு என்று அர்த்தம். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது. எழுந்தவுடன் காபி இல்லாமல் மயிலாப்பூரில் ஒருத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது ஏகாதசியை விடப் பெரிய விரதம்! ஆனால் அந்த வேளையில் வீடே தூங்கும். யார் பார்த்தார்கள்?

"முடிவு பண்ணியாச்சும்மா," என்றான் சாய்நாத். "இன்னிக்கே எங்காத்துக்கு வந்துடு. வர்ஷினி கையால மாத்திரை தருவா. வயலின் கிளாஸையும் நிறுத்திடு."

வயலின் கிளாஸை நிறுத்துவதா! கல்யாணமானதும் கச்சேரி மேடையை விட்டவள் அவள். படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமனாருக்கு ஆறு வருஷம் மலஜலப் பீங்கான் எடுத்தவள். மிச்சமிருப்பது பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்தக் கூடம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள வந்துவிட்டான்!

"ஏன்னா... நீங்களாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

பூஜை அறையில் சுந்தரராமன் திரும்பவில்லை. மந்திரம் மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்டது. மூன்று நாளாக இதே மௌனம்தான். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனிதர், 'என் பெண்டாட்டி அப்படிச் செய்யமாட்டாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? நெஞ்சுத் துடிப்பை விட அதுதான் அவளைக் கொன்றது.

வர்ஷினி கிட்டே வந்தாள். "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்கோ... ஒரு தரம் தரேளா?" என்று பாட்டிலை வாங்கி, மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினாள். பாட்டில் மேலே ஹம்சா பேனாவால் எழுதியிருந்த, பிரித்த தேதியையும் பார்த்தாள்.

"நூறுல முப்பத்தெட்டு பாக்கி. புதன்கிழமையோட அறுபத்திரண்டு நாள். ஒரு மாத்திரை கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மா சொல்றதுதான் சரி, சாய்."

"இன்னொரு பாட்டில் வாங்கி ஒளிச்சு வெச்சிருந்தா?"

ஹம்சாவுக்கு உச்சந்தலை கொதித்தது. "திருட்டுப் பட்டம் வேறயாடா எனக்கு!" என்று நேரே பூஜை அறைக்குப் போனாள். பூஜை முடிந்து, சுந்தரராமன் பஞ்சபாத்திரத்தோடு தீர்த்தம் தரத் திரும்பிக்கொண்டிருந்தார். அவள் வலது கையைக் குழித்து நீட்டினாள்.

"விடுங்கோ தீர்த்தத்தை! இதைக் கையில வாங்கிண்டு, சுவாமி முன்னாடி சத்தியம் பண்றேன். ஒண்ணுக்கு மேல நான் முழுங்கியிருந்தா என் ரெண்டு கண்ணும்..."

"வேண்டாம் ஹம்சா! சத்தியம் பண்ணாதே!"

தீர்த்தம் விடும் உத்தரணி நழுவித் தரையில் விழுந்தது. சுந்தரராமன் அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ முழுங்கினே... உனக்கே தெரியாம முழுங்கினே. நான்தான் அதே மாத்திரையைத் தனியா வாங்கி, பொடி பண்ணி, புதன்கிழமை வரைக்கும் தினமும் உன் தீர்த்தத்துல கலந்தேன்."

"அப்பா! நீயா?" சாய்நாத் பூஜை அறை வாசலுக்கு ஓடி வந்தான்.

"உன் கல்யாண அமளியில ஒரு மாசம் மாத்திரையை மறந்துட்டு விழுந்தாளேடா! ஐ.சி.யூ. வாசல்ல பதினோரு நாள் உக்காந்திருந்தேன். அதுலேர்ந்து இவ மாத்திரை போடறதை நான் கண்ணால பார்த்ததே இல்லை. ஒரு நாள் கேட்டேன். 'நான் என்ன கைக்குழந்தையா'ன்னு கத்தினா. மறுபடி கேக்க பயமா இருந்துது... தீர்த்தத்தை மட்டும் வேண்டாம்னு சொல்ல மாட்டாளேன்னு..."

ஹம்சா அழவில்லை. "சரி, பயந்தேள். ஆனா புதன்கிழமை டாக்டர் சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சே! மூணு நாளா இவன் என்னைக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேட்டானே... மந்திரம் சொல்லிண்டு முதுகைக் காட்டிண்டு உக்காந்திருந்தேளே, நன்னா இருக்கா?"

"வெக்கமா இருந்துது, ஹம்சா..."

"உங்க வெக்கத்துக்கு என் உசிரா கிடைச்சுது? எடுங்கோ போனை. டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கறாப்ல ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லணும்."

அவர் எண்ணைத் தட்டினார். விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் வந்தது.

"சார், நல்லவேளை இப்பவாவது சொன்னீங்க. அவங்க போட்ட அளவு சரியாவே இருந்திருக்கலாம். அது தெரியாம நான் பாதியாக் குறைச்சு, அப்படியே விட்டிருந்தா மறுபடி அன்னிக்கு மாதிரி விழுந்திருப்பாங்க. திங்கக்கிழமை அழைச்சுட்டு வாங்க, ரத்தம் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். ஹார்ட் மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்."

சாய்நாத் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். "மன்னிச்சுடும்மா... ஆனாலும் கொஞ்ச நாள் எங்களோட வந்து இரேன்..."

"நான் எதுக்குடா வரணும்? தப்புப் பண்ணினவரை வேணா அழைச்சுண்டு போ!"

"ஹம்சா!" என்று சுந்தரராமன் பதறினார். "நீ இல்லாத ஆத்துல எனக்கு என்ன இருக்கு... திட்டு, அடி, இங்கேயே இருந்துட்டுப் போறேன்..."

எழுபதை நெருங்கும் மனிதர், சின்னக் குழந்தை மாதிரி தேம்பினார். அவரை அப்படி அவள் பார்த்ததேயில்லை. கோபம் இன்னும் தீரவில்லை, தீரவும் தீராது. ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இங்க பாருங்கோ. என் மாத்திரையை இனிமே யாரும் தொடப்படாது. பயமா இருந்தா என்கிட்ட வந்து பயப்படுங்கோ. கத்துவேன்தான்... கத்தினாலும் பதில் சொல்லுவேனோல்லியோ?"

அவர் தலையை ஆட்டினார். வாசலில் அழைப்பு மணி அடித்தது. எட்டு மணி வகுப்புப் பிள்ளைகள்! ஹம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாய்நாத், போய்க் கதவைத் திற. கூடத்துல பாயைப் போடு. நான் முகம் அலம்பிண்டு வரேன்."