முதல் கிண்ணம்

அவர் காலணியில் ஏன் சேறு இல்லை?

ஹில்டித் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கடல் கடந்து கொள்ளையடிக்க வந்த டேனியரின் படகுகளை மறிக்கப் போன கணவர், மன்னர் தியோவால்ட், மூன்று நாள் கழித்து உயிரோடு வாசலில் நிற்கிறார். அவள் கண்ணோ போயும் போயும் அவர் பாதத்தில் போய் நின்றது. மூன்று நாளும் மழை. ஆற்றங்கரையிலிருந்து மண்டபத்துக்கு வரும் வழி முழுக்கச் சதுப்பு. காலையில் விறகு கொண்டுவந்தவன் முழங்கால்வரை கறுத்துப்போய்த்தான் உள்ளே வந்தான். மன்னரின் தோல் காலணியும், பின்னால் வந்த இருபது வீரர்களின் காலணிகளும் மட்டும் கழுவிவைத்தது போலிருந்தன.

"மச்சான்!" அவள் தம்பி விக்மண்ட் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "டேன்காரனுங்க படகையெல்லாம் எரிச்சாச்சா? இல்ல, எனக்கும் ரெண்டு மிச்சம் வச்சிருக்கீங்களா?"

மன்னர் அவன் பக்கம் திரும்பாமல் உள்ளே நடந்தார்.

"பாருங்கய்யா, ஜெயிச்சவுடனே தலைக்கனம்!"

"சும்மா கெடடா நொண்டி," என்றார் மண்டபத்தைக் கவனிக்கும் கிழவர் செர்டா. "மூணு நாள் குளிர்ல நின்ன மனுஷன். மொதல்ல தொண்டை நனையட்டும். ராணியம்மா, கிண்ணம் எடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு.

அந்த மண்டபத்தில் தேன்மது தானாக யார் வாய்க்கும் போகாது. ராணி தன் கையால் மன்னருக்கு முதல் கிண்ணம் கொடுக்க வேண்டும். அவர் குடித்த மிச்சம் வரிசையாக மற்றவர்களுக்குப் போகும். குடித்தவன் அவர் ஆள். அவர் போகிற இடத்துக்குப் போக வேண்டும். அவர் விழுந்த களத்திலிருந்து தனியே திரும்பக் கூடாது. போருக்கு முன்தினம் அப்படிக் குடித்தவர்கள்தாம் அந்த இருபது பேர். குதிரை உதைத்துக் கால் ஒடிந்திருந்த விக்மண்டுக்கு அன்று கிண்ணம் நீட்டப்படவில்லை. கிழவர்களும் காய்ச்சல்காரர்களுமாக எஞ்சிய பத்துப் பேருக்கும் அப்படியே. அந்த அவமானத்தில் விக்மண்ட் மூன்று நாளாகச் சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டான்.

கூரையின் கோரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, நடுவிலிருந்த அடுப்பில் ஈர விறகு சீறியது, பலகைகளுக்கு அடியில் நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு மூக்கால் அழுதன. ஒருவர் உட்கார்ந்தாலே முனகும் அந்தப் பழைய ஓக் பலகைகளில் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்தபோது மட்டும், அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும், ஒரு முனகல்கூட எழவில்லை.

மேலங்கியைக் கழற்றிவிடுவது மனைவியின் வேலை. அருகில் போனாள். நனைந்த கம்பளியும் வியர்வையும் குதிரையும் கலந்த, அவளுக்குப் பழகிய வாடை இல்லை. ஆற்றில் நெடுநாள் கிடந்த கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து வருமே, அந்த வாடை. தோளில் மேலங்கியைப் பிடித்திருந்த ஊசியை அவிழ்க்கப் போன விரல் சற்று வழுக்கி, கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு கிழிசலுக்குள் போயிற்று. துணியின் கிழிசல் என்றுதான் முதலில் நினைத்தாள். விரலின் இரண்டாம் கணுவரை உள்ளே போனது. உள்ளே குளிர்ந்த நீர்.

"என்னங்க," என்றாள் மெல்ல. "வலிக்குதா?"

"கிண்ணம், ஹில்டித்."

அவர் குரல்தான். திருமணமான முதல் மாதத்தில் இருட்டில் அவள் பெயரைச் சொல்லிப் பழகிய அதே குரல். கதவு திறந்து கிடந்தது. செர்டா பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது; விக்மண்ட் சிரித்தால் ஆவி வந்தது. அவர் வாய் முன்னால் எதுவும் இல்லை.

எப்படியாவது வந்து சேர்ந்தால் போதும் என்று அவள் மூன்று நாளும் தேவனிடம் கெஞ்சியிருந்தாள். எப்படியாவது. இப்படியும் வரலாம் என்று அப்போது அவள் நினைக்கவில்லை. அதைவிடக் கொடுமை, கொடுத்துவிடேன் என்று அவளுக்குள்ளேயே ஒன்று கெஞ்சியது. கொடு. ஒரு மாலையாவது தன் இருக்கையில் உட்காரட்டும்.

விக்மண்ட் நொண்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, குடு."

"டேய், அவரைப் பாருடா. நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். உள்ள வரும்போதே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"தெரிஞ்சுதான். கூப்பிட வந்திருக்கார்க்கா. விட்டுட்டுப் போனவனைத் திரும்பி வந்து கூப்பிடுறார். இப்பவும் போகலைன்னா நான் என்ன ஆம்பளை?"

அவன் முகத்தில் சந்தோஷம். குழந்தை முகத்தில் இருப்பது போன்ற சந்தோஷம்.

கொம்புக் கிண்ணம் எப்போது தன் கைக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறைந்திருந்தது. தளும்பியது.

மன்னர் கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்து.

பின்னால் இருபது கைகள் நீண்டன. ஓசை இல்லாமல். ஒன்றுபோல.

செர்டாவின் சிரிப்பு நின்றது.

வெளியே மழை வெண்பனியாக மாறியிருந்தது. கூரையின் புகைத்துளை வழியாக ஒவ்வொரு துகளாக இறங்கியது. மன்னரின் உள்ளங்கையில் ஒன்று. இன்னொன்று. உருகவில்லை. வெள்ளையாக அப்படியே கிடந்தன. இருபது கைகளிலும் அப்படியே.

விக்மண்ட் தன் கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டினான்.

விழுந்தது. உருகியது.

அடுத்ததும் உருகியது.

அதற்கடுத்தது, சற்றுத் தாமதித்து.

"கிண்ணம், ஹில்டித்."

அவள் கிண்ணத்தை மார்போடு சேர்த்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். மது தளும்பி அவள் அங்கியில் வழிந்தது.

"மாட்டேங்க," என்றாள்.

ஒரு கையும் தாழவில்லை.