ஐந்தாம் தொட்டி

காலை ஆறரைக்கு மணி அடித்ததும் செங்காட்டுக் குடியிருப்பில் இருந்த எழுபத்திரண்டு பேரும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டில் தொங்கிய ஊதுகுழாயை வாயில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் மூச்சு விட்டார்கள். பல் துலக்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அது. எல்லாருடைய மூச்சிலிருந்தும் பிரித்தெடுத்த ஈரத்தைச் சேர்த்தால் ஒரு டம்ளர் தண்ணீர் தேறும். செவ்வாயில் ஒரு டம்ளர் தண்ணீரை யாரும் வீணாக்க மாட்டார்கள்.

தரைக்கடியில் இருந்த பனிப்பாளம் வற்றத் தொடங்கிய பிறகு, ஓர் ஆளுக்கு மூன்று லிட்டராக இருந்த தண்ணீர் இரண்டாகக் குறைந்தது. நீண்ட சுரங்கப் பாதையின் கடைசியில் குடியிருந்த பனிப்பாளத்தைத் துளைக்கும் பதினோரு துளைப்பாளர்களுக்கு ஒன்றரை லிட்டர்தான் வந்தது. குழாயின் கடைசியில் அழுத்தம் போதவில்லை என்று நிர்வாகி பொன்னுரங்கம் சொல்லியிருந்தார். விரைவில் சரிசெய்யப்படும் என்றும் சொல்லியிருந்தார்.

ஆனால் எல்லாருடைய கவலையும் கோதுமையைப் பற்றியதாக இருந்தது. பூமியிலிருந்து வந்த கடைசிக் கப்பலில் யாருடைய காலணியிலோ ஒட்டிக்கொண்டு வந்த துரு நோய், இலைகளில் செம்பழுப்புப் பொடியாகப் பூத்து பயிர்க் குவிமாடம் ஒன்றை முழுதாகத் தின்றிருந்தது. மீதி இருந்த பயிருக்கோ தண்ணீர் ஏராளமாக வேண்டும். கிடங்கில் பத்து மாதத்துக்குத்தான் தானியம். அடுத்த கப்பல் வர இன்னும் பதினேழு மாதம்.

துருவையும் தாங்கவேண்டும், பாதித் தண்ணீரிலும் விளையவேண்டும். அப்படி ஒரு கோதுமையை உருவாக்கும் பொறுப்பு மரகதவல்லியினுடையது. நாற்பத்தாறு வயது, பயிர்க்கலப்பு வல்லுநர். இருநூற்றுப் பன்னிரண்டு கலப்பு வகைகளின் மீது துருப் பொடியைத் தூவினாள். ஒன்பது வகைகள் பிழைத்தன. அந்த ஒன்பதையும் ஒன்பது தொட்டிகளில் நட்டு, இரவு பகலாக எரியும் விளக்குகளின் கீழ் நாற்பது நாளில் கதிர் விடவைத்து, வறட்சி அறைக்குள் வரிசையாக வைத்தாள். பிறகு தண்ணீரை அடியோடு நிறுத்தினாள்.

"முப்பது நாள். யாரும் உள்ள போகக் கூடாது. எது தானா நிக்குதோ அதுதான் நம்மளக் காப்பாத்தும்," என்று எல்லாரிடமும் சொன்னாள். கதவுக்குப் பூட்டு போடவில்லை. பூட்டு அந்தக் குடியிருப்பில் யாரிடமும் இல்லை.

வறட்சி அறைக்கு ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல். உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில் அது இருந்தது. சாப்பிடப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் நன்றாகப் படுவது ஜன்னலை ஒட்டி நின்ற ஐந்தாம் தொட்டிதான். மற்றவை விளக்குக் கம்பங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தன.

பத்தாம் நாள் தழைகள் சுருண்டன. இருபதாம் நாள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. முப்பதாம் நாள் மரகதவல்லி உள்ளே போனபோது எட்டுத் தொட்டிகள் வைக்கோலாக நின்றன. ஐந்தாம் தொட்டி மட்டும் பச்சையாக இருந்தது.

அந்தத் தொட்டியின் ஈரமானி மட்டும் சற்று அதிகம் காட்டியிருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. வேர் ஆழமாகப் போய் அடிமண்ணின் ஈரத்தை மேலே இழுக்கிறது என்று எழுதிப் பூமிக்கு அறிக்கை அனுப்பினாள். பாராட்டு வந்தது. கிடங்கில் இருந்த ஐந்தாம் வகை விதை முழுவதும் பாதித் தண்ணீர்க் கணக்கில் மூன்று குவிமாடங்களில் விதைக்கப்பட்டது. மற்ற எட்டு வகைகளின் விதைமூட்டைகள் துளைப்பாளர்கள் குடியிருந்த வரிசைக்கு உணவுப் பங்காகப் போயின. காய்ந்த தொட்டிகளும் அங்கே இருந்த உரக்குழிக்குப் போயின.

ஐந்தாம் வாரம் மூன்று குவிமாடங்களும் ஒரே நாளில் தலை சாய்ந்தன.

மரகதவல்லி மண்ணைக் கிளறினாள். வேர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. நோய் இல்லை, பூச்சி இல்லை. வெறும் தாகம். ஆய்வறைக்கு ஓடி ஈரமானியின் பழைய பதிவுகளை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். ஐந்தாம் தொட்டியின் ஈரம் ஒவ்வொரு நாளும் மூன்று முறை ஏறியிருந்தது. காலை ஏழேகால். பகல் ஒரு மணி. மாலை ஆறரை.

மூன்றும் சாப்பாட்டு நேரங்கள்.

அன்று பகலிலேயே உணவுக்கூடத்தில் எல்லாரையும் கூட்டினாள். பொன்னுரங்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். துளைப்பாளர்கள் அழுக்கு உடையோடு வந்து சுவரோரம் நின்றார்கள்.

"கிடங்குல ஆறு மாசத்துக்குத்தான் தானியம் இருக்கு," என்றாள் மரகதவல்லி. "நான் யாரையும் திட்டப் போறதில்ல. எனக்கு உண்மை மட்டும் தெரியணும். அஞ்சாம் தொட்டிக்கு யாரு தண்ணி ஊத்தினது?"

மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தன் வலது கையை உயர்த்தினாள்.

"பன்னண்டாம் நாள். ஒரே ஒரு வாய். நான்தான் ஊத்தினேன். அது தொங்கிப் போய் நின்னத என்னால பாக்க முடியல."

மருத்துவர் கையை உயர்த்தினார். சமையல்காரர் உயர்த்தினார். பள்ளி ஆசிரியை, வானொலிக்காரர், கணவன் மனைவியாக வந்த இருவர். மனைவி உயர்த்தியதைக் கண்டு கணவன் திடுக்கிட்டுத் தன் கையையும் உயர்த்தினான். ஒவ்வொருவரும் தான் மட்டுமே அப்படிச் செய்ததாக நினைத்திருந்தார்கள். கடைசியில் பொன்னுரங்கத்தின் கையும் மெல்ல மேலே போனது. எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தாறு கைகள். சிலர் அழுதார்கள். அந்த அழுகையில் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது.

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் நல்ல மனசோடதான் செஞ்சிருக்கோம். ஆனா ஒண்ணு சொல்லணும். துளைப்பாளர் பதினோரு பேர்ல ஒருத்தர்கூட விதிய மீறல. அவங்களப் பாராட்டணும்."

சுவரோரம் நின்ற சூசையம்மாள் தலையை நிமிர்த்தினாள். துளைப்பாளர்களில் மூத்தவள், உரக்குழியையும் பார்த்துக்கொள்பவள்.

"விதியெல்லாம் ஒண்ணுமில்ல ஐயா. ஊத்துறதுக்கு எங்ககிட்டத் தண்ணி ஏது?"

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மரகதவல்லியின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உரக்குழிக்கு வந்த தொட்டியில ஏழாம் நம்பர் ஒண்ணு இருந்துச்சு. தாளு காஞ்சு போச்சு. ஆனா கதிரக் கையில எடுத்தா கனமா இருக்கு. கசக்கிப் பாத்தேன், அத்தனையும் முத்துன மணி, பதரு இல்ல. அதான் ஏழாம் நம்பர் மூட்டைய மட்டும் நாங்க பொங்கித் திங்கல. அப்படியே கெடக்கு."

"நீங்க ஏன் உடனே வந்து சொல்லல?" என்றாள் மரகதவல்லி. கேட்கும்போதே அவள் முகம் சிவந்தது.

"ரெண்டு தடவ எழுதி அனுப்பினோம்மா. குழாய் விஷயமும் அதே கடுதாசியிலதான் இருந்துச்சு. அதனால யாரும் முழுசாப் படிக்கல போல."

கூட்டம் கலகலத்தது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். ஒரு முறை ஏமாந்தது போதும், ஏழாம் வகையை மறுபடி சோதித்த பிறகே குவிமாடத்தில் விதைப்பது என்று முடிவாயிற்று. எங்கே வைத்துச் சோதிப்பது? ஜன்னலை அடைக்கலாம் என்றார் மருத்துவர். அடைத்தாலும் உள்ளே செடி இருப்பது தெரியுமே, மனசு கேட்காதே என்றாள் ஆசிரியை. பொன்னுரங்கம் யோசித்தார். பிறகு அவர் சொன்னதை எல்லாரும் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டார்கள். துளைப்பாளர் வரிசையில் வைக்கலாம். அங்கே யாரும் போவதில்லை.

"அந்தக் குழாய், ஐயா?" என்றாள் சூசையம்மாள்.

"அடுத்த கூட்டத்துல முதல் விஷயமா எடுத்துக்கலாம்மா."

மறுநாள் மரகதவல்லி ஏழாம் வகை விதைத்த தொட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு சுரங்கப் பாதையில் நடந்தாள். அந்தக் குடியிருப்புக்கு வந்த பதினோரு ஆண்டுகளில் அந்தப் பாதையில் அவள் காலடி வைத்தது அன்றுதான். பங்காகக் கிடைத்த இரண்டு லிட்டரில் பாதியை ஒரு குப்பியில் கொண்டுபோயிருந்தாள். சூசையம்மாள் அதை வாங்கி, ஒரு மடக்கு குடித்து, மற்றவர்களிடம் கொடுத்துவிட்டுத் தொட்டிகளைப் பார்த்தாள்.

"இதுகளுக்கு ஊத்திராதீங்கம்மா," என்றாள்.

நாற்பது நாளில் கதிர் வந்தது. தண்ணீர் நிறுத்தப்பட்டது. முப்பது நாளும் மரகதவல்லியைத் தவிர குடியிருப்பின் முன்பக்கத்திலிருந்து ஒருவரும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

சோதனை மிகச் சரியாக நடந்தது.