நிமிடத்துக்குப் பதினான்கு

சோப்புக் குமிழ் உள்ளே போனது.

அவள் அதைத் தற்செயலாகத்தான் பார்த்தாள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து கிளம்பி காரின் மூக்குவரை வளைந்து போகும் அலுமினியக் குழாயின் ஒரு மூட்டில், ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பின் ஓரத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குமிழ் உப்பியது. காற்று கசியும் இடத்தில் குமிழ் உப்பும், பெரிதாகும், உடையும். பதினொரு வருட மெக்கானிக் தொழிலில் குமிழ் வேறெதையும் செய்து அவள் கண்டதில்லை. இது உப்பியது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு உள்ளிருந்து யாரோ உறிஞ்சியதுபோல் மெல்லச் சுருங்கி மூட்டுக்குள்ளேயே போய்விட்டது.

அவள் அந்த இணைப்பைத் துணியால் துடைத்துவிட்டு, கிளாம்ப்பை அரைச் சுற்று இறுக்கினாள்.

பிற்பகல் மூன்று மணி. பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் அடியில் நுழைந்த வெயில் தரையில் ஒரு வெள்ளைப் பட்டையாகக் கிடந்து, முன்சக்கரத்தைத் தொட்டதும் நின்றுகொண்டது. பழைய எண்ணெயும் புது ரப்பரும் துருவேறிய இரும்பும் கலந்த வாசனை. மூலையில் காற்றுக் கம்ப்ரஸர் அவ்வப்போது தானாக உறுமித் தொட்டியை நிரப்பிக்கொண்டு, தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தத்தோடு அடங்கியது. அது அடங்கியபின் வரும் அமைதியில் கூரைத் தகரம் வெயிலுக்கு ‘டிக், டிக்’ என்று விரிவது கேட்டது.

"இன்ஜின் நிமிஷத்துக்கு அஞ்சாயிரம் சுத்துக்கு மேல போனா வண்டி இழுக்கவே மாட்டேங்குது அண்ணி. பின்னாலேர்ந்து யாரோ சட்டையப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்று சின்னவன் காலையில் சொல்லியிருந்தான். அவள் கணவனின் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். நாளைக் காலை பந்தயத் தடத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கலாம். அண்ணன் கட்டிய காரை அண்ணன் இல்லாத முதல் வருடத்தில் தான்தான் ஓட்டவேண்டும் என்று அவன் முடிவுசெய்திருந்தான். இப்போது அதன் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட் பட்டைகளைத் தன் உடம்புக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ரெண்டு நிமிஷத்துக்குள்ள தடத்துல ஒரு சுத்து வரலைன்னா மீசையை எடுத்துடறேன் அண்ணி."

"அந்த நாலு முடிக்குப் பேரு மீசையா?"

"பாத்தீங்களா, இப்பல்லாம் நீங்க ஜோக் அடிக்கிறப்போ மூஞ்சி அசையவே மாட்டேங்குது. பயமா இருக்கு."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். உண்மைதான். கணவன் போனதிலிருந்து, எட்டு மாதமாக, முகம் அவளுடையதாக இல்லை. அழுகை வராதது பற்றி முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு அந்த வெட்கமும் போய்விட்டது. போன வாரம் சூடான புகைக்குழாயில் முழங்கை பட்டுக்கொண்டிருந்ததை, தோல் கருகும் வாடை வந்தபிறகுதான் தெரிந்துகொண்டாள். என்ன கருகுகிறது என்று காரைச் சுற்றித் தேடிக்கூடப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு மாமியார் போன் செய்திருந்தார். "நீ வேண்டாம்னு சொன்னா கேப்பான்மா. எனக்கு அந்த வண்டியப் பத்தி என்ன தெரியும்? நீ சரியா இருக்குன்னு சொல்லு, போகட்டும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு. உன் வார்த்தைதான் எனக்கு."

"பாத்துட்டு சொல்றேன் அத்தை."

பார்ப்பதற்கு இருந்த சோதனை எளிமையானது. இன்ஜினை ஓடவிடக்கூடாது. டர்போ காற்றை உறிஞ்சும் வாயை ரப்பர் மூடியால் அடைத்து, டயருக்குக் காற்றடிக்கும் துப்பாக்கியால் அந்த மூடி வழியாகக் காற்றை ஏற்றவேண்டும். விசையை அழுத்தினால் காற்று போகும், விட்டால் அடைத்து நிற்கும், பக்கத்துப் பொத்தானைத் தட்டினால் வெளியேறும். அடைபட்ட காற்று எங்கே தப்புகிறது என்பதைச் சோப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு வேகமாகத் தப்புகிறது என்பதை மடிக்கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு காட்டும். கோடு இறங்கும். அதற்கு வேறு வழியில்லை.

அவள் விசையை அழுத்தினாள். கோடு ஏறியது. விட்டாள். குழாய்க்குள் மிக மெல்லிய சீறல். கோடு இறங்கத் தொடங்கியது. சரிதான், எங்கோ சின்னக் கசிவு.

பிறகு கோடு ஏறியது.

அவள் தன் கையைப் பார்த்தாள். விரல் விசையில் இல்லை.

கோடு இறங்கியது. ஏறியது. அவசரமில்லாமல், தூக்கத்தில் புரள்கிற ஒருவரின் முதுகுபோல. துப்பாக்கியின் வால்வு சரியாக மூடாமல் காற்றை விட்டுவிட்டு அனுப்புகிறது என்று நினைத்து, ரப்பர் ஹோஸையே கழற்றித் தரையில் போட்டாள். மூடியின் முனை தானாக அடைத்துக்கொண்டது. இப்போது காரை உலகத்தோடு இணைப்பது மடிக்கணினியின் வயர் மட்டும்தான்.

கோடு இறங்கியது. ஏறியது.

"என்ன அண்ணி, கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா?" சின்னவன் உள்ளிருந்து கேட்டான். அவன் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் பானைக்குள்ளிருந்து வந்தது.

"சென்ஸார் போயிருக்கும்னு நினைக்கிறேன்."

அழுத்தத்தை அளக்கும் சென்ஸார் கட்டைவிரல் அளவுதான். அலமாரியிலிருந்து புதியதை எடுத்து மாற்றினாள். அதன் ரப்பர் வளையத்தில் ஒரு துளி எண்ணெய் தடவ மறக்கவில்லை. இந்த மாதிரி நேரங்களில்தான் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில் மிஞ்சுவதுதான் குற்றவாளி. மூடி வழியே மறுபடி காற்றேற்றி, ஹோஸைக் கழற்றி, ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

புதிய சென்ஸாரும் அதையேதான் சொன்னது.

அவள் நேரத்தைக் குறித்தாள். அலைகளை எண்ணினாள். ஒரு நிமிடத்துக்குப் பதினான்கு. இன்னொரு நிமிடம் எண்ணினாள். பதினான்கு.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும்.

பத்தொன்பது நாள். இதே பட்டறையில், இந்தக் காரின் குழாய்களைப் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் கணவனின் தலைக்குள் ஏதோ வெடித்து அவன் விழுந்தான். பத்தொன்பது நாள் அவனுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் மூச்சுவிட்டது. மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அவளுக்கு முகத்தில் படிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவள் இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள். காற்றழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் அவள் தினமும் படிக்கிற பாஷை. நிமிடத்துக்குப் பதினான்கு அலைகள், எல்லாம் ஒரே அச்சு.

கடைசி நாள் மட்டும் ஒவ்வொரு அலைக்கும் முன்னால் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. இயந்திரம் காற்றைத் தள்ளுவதற்குச் சற்று முன்னால், உள்ளிருந்து எதுவோ இழுத்துப் பார்ப்பதுபோல.

அவள் நர்ஸிடம் மட்டும் கேட்டாள். "ட்யூப்ல தண்ணி நின்னாக்கூட அப்படிக் காட்டும்மா" என்றாள் நர்ஸ், வேறு கட்டிலுக்குப் போகிற வேகத்தில். காட்டும்தான். அவளுக்கே தெரியும். காரணமில்லாமல் ஒரு கோடு நடுங்கினால் அவளுடைய தொழிலில் அதை இரைச்சல் என்பார்கள். மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், கோடு வழவழப்பாகிவிடும். டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்து, "நீங்க யாராவது ஏதாவது அசைவு கவனிச்சீங்களா?" என்று கேட்டார். மாமியார் இவள் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல" என்றாள்.

பிறகு இயந்திரத்தை நிறுத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது நாளாக அவளுக்குத் தூக்கம் இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பள்ளம் இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் முன்னால். ஆழம்கூட அதே.

கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது. அவள் எழுந்துபோய் அதை அணைத்தாள். அமைதியில் காரின் பக்கம் குனிந்து குழாய்மேல் உள்ளங்கையை வைத்தாள். அலுமினியம் வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஜின் காலையிலிருந்து ஓடவில்லை. ரப்பர் மூட்டு அவள் விரலுக்கடியில் மெதுவாகப் புடைத்தது. தளர்ந்தது. டர்போவின் வாயருகே ஒரு வாசனை. பெட்ரோல் இல்லை. எண்ணெய் இல்லை. மருந்தும், நாள்கணக்காகக் கழுவாத வாயும்.

பயப்படவேண்டும் என்று தெரிந்தது. பயம் வேறு அறையில் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அது நடமாடுவது கேட்டது.

"அண்ணி, லீக் இருக்கா, இல்லையா? அம்மா மெசேஜ் மேல மெசேஜ் போடுது. என்ன சொல்லட்டும்?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மென்பொருளில் கோட்டை வழவழப்பாக்கும் அந்த எண் எங்கே இருக்கிறது என்று விரல்களுக்குத் தெரியும். இரண்டாக இருந்ததை இருபதாக மாற்றினாள். பள்ளங்கள் நிரம்பின. ஐம்பதாக மாற்றினாள். அலைகள் படுத்தன. நூறு. பச்சைக் கோடு மேசைவிளிம்புபோல நேராகக் கிடந்தது.

"இல்ல" என்றாள். "சரியாயிடுச்சு. போகலாம்னு சொல்லு."

"சூப்பர்! நீங்க தொட்டா எதுவும் சரியாயிடும்னு அண்ணன் சொல்லும்."

அவள் போய்க் கிளாம்ப்பைத் தளர்த்தி, டர்போவின் வாயிலிருந்து ரப்பர் மூடியை இழுத்தாள். அது எளிதில் வரவில்லை. உள்ளிருந்து பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் திருகி இழுத்ததும், ஒரு நீண்ட, ஈரமான பெருமூச்சோடு காற்று வெளியேறி அவள் முகத்தில் அடித்தது. அதன்பின் ஒன்றுமில்லை. தகரம்கூட விரிவதை நிறுத்தியிருந்தது.

முடிந்தது என்று நினைத்தாள்.

"சின்னவா, இறங்கு. பெல்ட்டை நாளைக்குப் பாத்துக்கலாம்."

பதில் இல்லை.

அவன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பட்டைகள் இறுக்கமாகப் பூட்டியிருந்தன. போன் மடியில், செய்தி அனுப்பப்பட்டிருந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடி மூடியிருந்தது.

"விளையாடாத."

ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டின் கம்பிகளுக்கிடையில் கைவிட்டுத் தோளை உலுக்கினாள். தலை ஆடியது, திரும்பி வந்து நின்றது. மார்புக்குக் குறுக்கே இரண்டு பட்டைகள். அவை அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அசையவில்லை. கண்ணாடியைத் தூக்கினாள். கண்கள் திறந்திருந்தன. வாய் திறந்திருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள்.

காற்று இல்லை.

பெல்ட் பூட்டை அழுத்தினாள். திறக்கவில்லை. முஷ்டியால் குத்தினாள். திறக்கவில்லை. கத்தினாள். என்ன கத்தினாள் என்று தெரியவில்லை. மடிக்கணினி அவள் பார்வையின் ஓரத்தில் இருந்தது. நேர்க்கோடு.

யோசித்தது அவளில்லை. கைகள்தான். கம்ப்ரஸரைப் போட்டன. மூடியை டர்போவின் வாயில் திணித்தன. கிளாம்ப். அரைச் சுற்று. இன்னொரு அரைச் சுற்று. ஹோஸ். துப்பாக்கி.

விசையை அழுத்தினாள்.

இன்ஜினுக்குள் காற்று சீறிப் போனது. காரினுள்ளே, பட்டைகள் இரண்டும் மெல்ல உயர்ந்தன.

பொத்தானைத் தட்டினாள். பட்டைகள் இறங்கின.

அழுத்தினாள். உயர்ந்தன.

பொத்தான். இறங்கின.

அவன் மடியிலிருந்த போன் சரிந்து மிதிகளுக்கடியில் விழுந்தது. அவளுடையது மேசைமேல். பத்து அடி. ஹோஸ் அவ்வளவு தூரம் எட்டாது. ஒருமுறை துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாள். மூன்றாவது எட்டில் பின்னால் ஒரு சத்தம். தொண்டையின் அடியிலிருந்து, காற்றில்லாமல் வரும் சத்தம். திரும்பி ஓடிவந்தாள். அழுத்தினாள்.

உயர்ந்தன.

அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள். நிமிடத்துக்குப் பதினான்கு. கூட்டினால் முகம் சிவந்தது. குறைத்தால் உதடு நீலமாகியது. ஷட்டருக்கடியில் யாரோ செருப்புக் காலோடு நடந்து போனார்கள். கூப்பிடுவதற்குள் போய்விட்டார்கள். கம்ப்ரஸர் நிற்காமல் உறுமியது. மோட்டார் சூடேறும் வாடை வந்தது.

அழுத்தினாள். தட்டினாள். அழுத்தினாள்.

நாற்பதாவது மூச்சிலோ ஐம்பதாவது மூச்சிலோ அவள் அவன் கண்களைப் பார்த்தாள். அவை உயிரோடு இருந்தன. எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தன.

அவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தன.