பின்சீட்டுக்கு ராஜமரியாதை

"ஒண்ணு கேட்டுக்க அம்மிணி! உன்ற நங்கைக்கு இடுப்பு ஒருதரம் புடிச்சுக்கிட்டாலும் சரி, அன்னிக்கே வண்டிய வித்துப்போடுவேன்!"

அண்ணன் சிவசண்முகம் சொன்னதைச் செய்கிற ஆள். தாரணி அசரவில்லை.

"வலிக்காமக் கூட்டிட்டு வந்துட்டா வண்டி எனக்குத்தானுங்க?"

"உனக்கேதான்!"

பல்லடத்து மோட்டார் சைக்கிள் குழு, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் ஒரு வெண்கல மணியை ஒளித்துவைத்து, வரைபடம் கொடுத்திருந்தது. வண்டிக்கு இரண்டு பேர். முதலில் மணியடிப்பவர்களுக்கு வெற்றி. தாரணியோடு வரத் துணிந்தவள் அண்ணன் மனைவி பிரபாவதி ஒருத்திதான். கொங்குப் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்பார்கள். இடுப்பு வலி வந்ததிலிருந்து ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாத நங்கை, "எத்தனை நாளைக்குத்தான் மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கறது?" என்று துள்ளிக் கிளம்பினாள்.

அண்ணனின் முந்நூற்றைம்பது சிசி வண்டி ஒர்க்‌ஷாப் ஏறியது. பிரபாவதியை உட்காரவைத்தே அளவெடுத்தார்கள். பின்சீட்டை அகலமாக்கி, அமுங்கிப்போகாத கெட்டி ஸ்பாஞ்சு வைத்தார்கள். சாய்ந்துகொள்ள ஒரு முதுகுத் திண்டு, காலுக்கு அகலமான மிதி, காற்று முகத்தில் அறையாதபடி முன்னால் உயரமான கண்ணாடி. குலுக்கல் தெரியாமலிருக்கப் பின் ஸ்பிரிங்கையும் மாற்றியாயிற்று.

"ஹேண்டில்பார் உங்களுக்கு எட்டாமக் குனியறீங்களே, உசத்திரலாமுங்களா?" என்று மெக்கானிக் காளியப்பன் கேட்டார்.

"எனக்கென்னங்க, நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள் தாரணி. தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாத பெண் வேறென்ன சொல்வாள்!

விடியலில் புறப்பட்டார்கள். மதுரை தாண்டியும் நங்கை ஜம்மென்று சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். தாரணிக்குத்தான் கோவில்பட்டியிலேயே மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. குனிந்து குனிந்து உடம்புப் பாரமெல்லாம் கையில் இறங்கியிருந்தது. வெளியே சொன்னால் நங்கை வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வந்தது தேரிக்காடு! செக்கச்செவேலென்று மணல், எங்கு பார்த்தாலும் பனை. சக்கரம் புதையாமலிருக்க டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள்.

"மூணு மொட்டைப் பனை. அதுக்குக் கெழக்கால மணி!" என்று வரைபடத்தைப் படித்தாள் பிரபாவதி.

வண்டி மணலில் நெளிந்தது. தாரணி கிளட்ச்சைப் பிடிக்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை! வண்டி ஒரு திமிறு திமிறி, இருவரையும் மணலில் தள்ளிவிட்டுச் சாய்ந்தது.

"நங்கை! இடுப்பு!" தாரணிக்கு உயிரே போய்விட்டது.

பிரபாவதி மணலைத் துப்பிக்கொண்டு எழுந்தாள். "என்ற இடுப்பு கல்லாட்டம் இருக்குது. உன்ற கையக் காட்டு."

விரல்கள் வீங்கி மரத்துப்போயிருந்தன. பிரபாவதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தனை தூரம் வாயத் தொறக்காமயா வந்தே? உன்னையத் தியாகி ஆகச் சொன்னது யாரு? நீ உழுந்தா நானும்தானே உழுவேன்!"

தாரணி வெட்கத்தில் தலைகுனிந்தாள். நங்கை சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம்.

தொலைவில் இன்னொரு வண்டி உறுமியது! "ஸ்பேனர் எடு!" என்றாள் பிரபாவதி. இருவருமாக வண்டியை நிமிர்த்தினார்கள். ஹேண்டில்பாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, தாரணி பக்கம் திருப்பி இறுக்கினார்கள். முதுகுத் திண்டைக் கிழித்துப் பாதி ஸ்பாஞ்சை எடுத்துக் கைப்பிடிகளில் சுற்றி, துப்பட்டாத் துணியால் கட்டினாள் பிரபாவதி.

"ஐயோ, உங்களுக்குச் சாய வேணாமுங்களா?"

"பாதி போதும். ஏறு! மூணு மொட்டைப் பனையும் பின்னாலயே போயிருச்சு, சொல்றதுக்குள்ள உழுந்துட்டோம். நீ மணலப் பாத்துக்கிட்டு வந்தே, நான் சாஞ்சுக்கிட்டு ஊரையே பாத்துட்டு வந்தேன்!"

வண்டி திரும்பிப் பறந்தது. இப்போது தாரணியின் முதுகு நிமிர்ந்திருந்தது. விரல்களும் சொன்னபடி கேட்டன. அதோ, மூன்று மொட்டைப் பனை! கிழக்கே ஒரு புதரடியில் மணி! அடுத்த வண்டி மேடேறி வருவதற்குள் பிரபாவதி அதைக் கணகணவென்று ஆட்டிவிட்டாள்.

அன்றிரவு திருச்செந்தூரில் தங்கி, மறுநாள் பொழுதோடு வீடு வந்து சேர்ந்தார்கள். பிரபாவதி வண்டியிலிருந்து குதித்தே இறங்கினாள். சிவசண்முகம் வாயைப் பிளந்தார்.

"சரி அம்மிணி, வண்டி உன்னுதுதான். வேற என்ன வேணும், கேளு."

"ஒண்ணும் வேண்டாமுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள் தாரணி. நங்கை முறைத்தாள்.

"கை வலிக்குதுங்கண்ணா" என்றாள் தாரணி. "கொஞ்சம் சுடுதண்ணி வச்சுத் தாங்க."

தேரிக்காட்டுக்குள் இறங்குவதைவிட அதைச் சொல்லத்தான் அவளுக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது.